நான்காவது விளக்கு

பெட்டியின் முகப்பில் நான்கு விளக்குகள் எரிய வேண்டும். மூன்றுதான் எரிந்தன. இரண்டாவது விளக்கு இருக்க வேண்டிய இடத்தில், சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.

மாடிப்படிக்கு அடியில் இருந்த ஸ்டோர் ரூமில் குனிந்து உட்கார்ந்து மிஷெல் அதையே பார்த்தாள். தலைக்கு மேல் படிகள் சரிந்து இறங்கின. நிமிர்ந்தால் மண்டை இடிக்கும். பழைய கிறிஸ்துமஸ் மரத்தின் பிளாஸ்டிக் வாசனையும், அந்துருண்டை நெடியும், ஒரு வருஷமாகத் திறக்காத துணிப்பெட்டிகளின் புழுக்கமும் அந்தச் சின்ன இடத்தில் கலந்து கிடந்தன. மதியம் மணி ஒன்றுகூட ஆகவில்லை. ஆனால் மலேசியாவின் கிள்ளான் நகரத்து வானம் மழைக்குக் கறுத்துப்போய், கூடத்தில் விளக்குப் போட வேண்டியிருந்தது. பெட்டியின் காற்றாடி மட்டும் தூங்குகிற ஒருவரின் மூச்சைப் போல ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

நகத்தால் டேப்பின் ஓரத்தைச் சுரண்டினாள். லேசில் வரவில்லை. பசை இறுகி, ஓரத்தில் தூசி கறை போலப் படிந்திருந்தது. நேற்று ஒட்டியதல்ல. யாரோ எப்போதோ நிதானமாக, அளவு பார்த்து, கத்தரியால் வெட்டி ஒட்டியது.

உரித்தாள். அடியில் ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மூடி வைத்திருந்த கண்ணைத் திறந்தது மாதிரி இருந்தது.

அவள் வந்தது ஒரே ஒரு வீடியோவுக்காக. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா டொரத்தியின் முதலாமாண்டு நினைவுப் பூசை. பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் சாப்பாடு. அங்கே அம்மாவின் குரலைப் போட்டுக் காட்ட வேண்டும் என்று மிஷெலுக்கு ஆசை. குரல் என்று சொல்ல அவளிடம் வேறு எதுவும் மிச்சமில்லை. அவளுடைய கல்யாணத்தில் அம்மா மைக் பிடித்துப் பேசிய இரண்டு நிமிஷம்தான், அதுவும் குடும்பத்தின் படங்களையும் வீடியோக்களையும் சேமித்து வைக்கும் இந்தப் பெட்டிக்குள்தான். நேற்று சுபாங் ஜெயாவில் தன் வீட்டிலிருந்தே நெட் வழியாக எடுக்கப் பார்த்தாள். திறக்கவே இல்லை. கம்ப்யூட்டர் கடைக்காரர் குகனுக்குப் போன் போட்டாள். அவர்தான் கடையிலிருந்தே நெட் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு டிஸ்க் செத்துப்போச்சு அக்கா. புதுசு ஒன்னு வாங்கிட்டு நேராப் போங்க. சும்மா மாட்டினாப் போதும், பெட்டி தானா சரி பண்ணிக்கும்" என்றார்.

அப்பா இருதயமும் தம்பி நைஜலும் காலையிலேயே கல்லறையைச் சுத்தம் பண்ணப் போயிருந்தார்கள். அங்கிருந்து சாப்பாட்டு ஏற்பாட்டைப் பார்க்கக் கோயிலுக்கு. நாலு மணிக்குத்தான் வருவார்கள். மிஷெல் வருவது அவர்களுக்குத் தெரியாது.

நான்கு டிஸ்க்குகளின் தட்டுகளிலும் அப்பாவின் கையெழுத்தில் வெள்ளை ஸ்டிக்கர். இருதயம். டொரத்தி. நைஜல். மிஷெல். ரயில்வே சிக்னல் பிரிவில் நாற்பது வருஷம் இருந்தவர் அப்பா. பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்திலிருந்தே சுவிட்சுக்குப் பெயர், சாவிக்குப் பெயர், உப்பு டப்பாவுக்குப் பெயர்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் குகன் இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. "ரெய்ட் ஃபைவ் போட்டிருக்கேன் ஆன்டி" என்றார் அவர்.

"என்னடா ரெய்டு? போலீஸ் ரெய்டா?" என்று அம்மா சிரித்தாள்.

"அதுல பல லெவல் இருக்கு ஆன்டி. ஸீரோன்னா, ஒரு லெட்டரைப் பாதியாக் கிழிச்சு ரெண்டு பேர்கிட்ட குடுக்கிற மாதிரி. வேகமா எழுதலாம், வேகமாப் படிக்கலாம். ஒருத்தர் தொலைஞ்சா லெட்டரே குப்பை. ஒன்னுன்னா, ஒரே லெட்டரை ரெண்டு பேரும் எழுதி வெச்சுக்கிறது. பத்திரம்தான், ஆனா பாதி இடம் வேஸ்ட். இது ஃபைவ். நாலு பேரு. மூணு பேரு ஆளுக்கொரு துண்டு வெச்சிருப்பாங்க. நாலாவது ஆளு அந்த மூணையும் கூட்டி வந்த கணக்கை வெச்சிருப்பாரு. அடுத்த லெட்டருக்குக் கணக்கு வெக்கிற ஆள் மாறிடும். அதனால யாரு ஒருத்தர் இல்லாமப் போனாலும், மிச்ச மூணு பேரும் சேர்ந்து அவர்கிட்ட என்ன இருந்துச்சுன்னு அப்படியே எடுத்துடலாம்."

"ரெண்டு பேரு போயிட்டா?" என்றான் நைஜல்.

"அப்ப முடிஞ்சுது லா. ஒன்னும் மிஞ்சாது."

அம்மா பெட்டியைத் தட்டிக் காட்டினாள். "அப்போ நான் இல்லாமப் போனா, நீங்க மூணு பேரும் மறைக்காம உண்மையைச் சொன்னாப் போதும். நான் திரும்பி வந்துடுவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் இது எதையும் கேட்கவில்லை. ஸ்டிக்கரில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். "அவங்கவங்க சாமான் அவங்கவங்க டிஸ்க்ல" என்று ஒட்டினார்.

"அங்கிள், அப்படித் தனித்தனியா இருக்காது. எல்லாமே எல்லாத்துலயும் கலந்துதான் இருக்கும்."

"பேர் இல்லாத லீவரை நான் தொடறதில்ல தம்பி" என்று அப்பா முடித்துவிட்டார்.

மிஷெல் இரண்டாவது தட்டை இழுத்தாள். எதிர்பார்த்த கனம் இல்லை. கைக்கு லேசாக வந்தது.

தட்டு காலி.

மறுபடி குகனுக்குப் போன் போட்டாள். "செத்த டிஸ்க் அங்கேயேதான் இருக்கும் அக்கா. காலியா இருக்குன்னா யாரோ கழட்டிட்டாங்க. கழட்டினா பெட்டி பீப் பீப்னு கத்துமே? இருங்க, பார்க்கிறேன்… கத்தவிடாம ஆஃப் பண்ணியிருக்காங்க. போன வருஷம் ஆகஸ்ட் ஒன்பது. காலையில பதினொன்னு நாப்பத்திரெண்டு. அன்னிலேர்ந்து பெட்டி மூணு காலுல நிக்குது."

ஆகஸ்ட் ஒன்பது அம்மா இறந்த நாள்.

துவைத்த துணியை மாடிக்குக் கொண்டுபோகும்போது கால் தவறி விழுந்தாள் என்றார் அப்பா. விழுந்த நேரம் யாருக்கும் தெரியாது. அப்பாவும் நைஜலும் கோயிலிலிருந்து சேர்ந்து வந்து கதவைத் திறந்தபோது மணி ஒன்று. உடம்பு குளிர்ந்துபோயிருந்தது. கூடத்தில் ஒரு கேமரா இருந்ததே என்று அத்தை கேட்டதற்கு, "அது ரிப்பேராகிக் கிடக்கு அத்தை" என்றான் நைஜல்.

பதினொன்று நாற்பத்திரெண்டுக்கு வீட்டில் யார் இருந்தது?

"அக்கா, கேக்குதா? புது டிஸ்க்க மாட்டுங்க. மூணு மணி நேரம் ஆகும். அது முடியறதுக்குள்ள வேற எதையும் கழட்டிடாதீங்க, மொத்தமும் போயிடும். நூறு பர்சென்ட் ஆயிட்டா அப்புறம் ஒன்னைக் கழட்டினாலும் பயமில்ல. மிச்ச மூணு பாத்துக்கும்."

போனைத் தரையில் கவிழ்த்து வைத்தாள். ஒரு வருஷமாக அவளுக்கு வந்திருக்கும் பழக்கம் அது. எங்கே உட்கார்ந்தாலும் போன் முகம் கீழே.

புது டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட இல்லை. அதை 'டொரத்தி' என்று எழுதிய தட்டில் வைத்துத் திருகி, உள்ளே தள்ளினாள். பெட்டி ஒரு நொடி மூச்சை நிறுத்தியது. பிறகு மற்ற மூன்று டிஸ்க்குகளும் ஒரே சமயத்தில் கொரகொரவென்று பேச ஆரம்பித்தன. அவள் கொண்டுவந்திருந்த லேப்டாப் திரையில் ஒரு பட்டை தோன்றியது. ஒரு சதவீதம்.

காத்திருக்கும் நேரத்தில் கல்யாண வீடியோவைத் திறந்தாள். தயங்கித் தயங்கி ஓடியது. பச்சைப் புடவையில் அம்மா, மைக்கை வாய்க்கு ரொம்பப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். "எனக்கு ஸ்பீச் எல்லாம் வராது. இவளுக்கு ஒன்னே ஒன்னு சொல்றேன். மிஷெல், கல்யாணம் ஆயிட்டா அம்மா போனை எடுக்க மாட்டே, எனக்குத் தெரியும். அம்மா போன் அடிச்சா எடு. அது போதும்." மண்டபம் சிரித்தது. மிஷெல் வீடியோவை நிறுத்தினாள்.

மழை வந்துவிட்டது. முன்வாசல் தகரக் கூரையில் கொட்டும் சத்தத்தில் வீடே நிறைந்திருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் அது தெளிவாகக் கேட்டது.

தொப்.

தலைக்கு மேலே. ரொம்ப மேலே. மாடிப்படியின் உச்சியில், கனமான துணிப்பை ஒன்று ஒரு படி இறங்கி உட்கார்ந்தது மாதிரி.

மிஷெல் வெளியே வந்து பார்த்தாள். பதினான்கு படிகள். எதுவும் இல்லை. கூடத்துச் சுவரில் கேமரா இருந்த இடத்தில் இரண்டு திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. எதிர்ச்சுவரில் இயேசுவின் படத்துக்குக் கீழே சின்னச் சிவப்பு பல்ப். பூனையாக இருக்கும். ஜன்னல் கதவாக இருக்கும். திரும்ப உள்ளே போய் உட்கார்ந்தபோது திரையில் ஏழு சதவீதம்.

புது டிஸ்க்கைத் திரும்ப நிரப்பும் இந்த ரீபில்டுக்காகக் குகன் கொடுத்திருந்த பாஸ்வேர்டு அப்பாவுடையது. அதனால்தான் இதுவரை அவள் பார்த்திராத ஃபோல்டர் ஒன்று பட்டியலில் தெரிந்தது. 'கேமரா'. திறந்தாள். ஒரு மாதத்துத் தேதிகள் வரிசையாக நின்றன. கடைசித் தேதி ஆகஸ்ட் ஒன்பது.

ரிப்பேர் இல்லை. ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

அப்பாவின் கணக்கு அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அவர் கண்ணுக்கு அம்மா சம்பந்தப்பட்டதெல்லாம் 'டொரத்தி' என்று பெயர் எழுதிய டிஸ்க்கில் இருந்தது. அதை உருவிவிட்டால் அம்மா போய்விடுவாள். குகன் சொன்னதைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். மிச்ச மூன்றும் சேர்ந்து அவளை ஒரு நாள்கூட விடாமல் வைத்திருந்தன.

தொப்.

பதினான்கு சதவீதம். அவள் இந்த முறை வெளியே போகவில்லை. ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, பத்து மணி என்று போட்டிருந்த வீடியோவைத் தட்டினாள்.

கூடம். மாடிப்படி. மூலையில் நேரம்: 10.12. அம்மா படியில் இறங்கி வந்தாள். கையில் துவைத்த துணி இல்லை. பை. மிஷெல் அதற்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் கொடுத்த நீலப் பை, கனமாக, புடைத்துப்போய். ஒவ்வொரு படியாக அதை இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கினாள். ஆறாவது படியில் கால் பிசகியது. விழுந்தாள். பையும் கூடவே உருண்டது.

அம்மா வீட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்தாள். எங்கே போகிறாள் என்று மிஷெலுக்குத் தெரியும். உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும் என்று இந்த ஒரு வருஷமும் நினைத்திருந்தாள்.

"ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு உங்கப்பா என்கிட்ட பேசி ஏழு மாசம் ஆச்சு. சனிக்கிழம நான் உன்கிட்ட வந்துடறேன்ம்மா" என்று அந்த வாரம் அம்மா போனில் சொன்னாள். மிஷெல் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. "பார்க்கலாம்மா" என்றாள்.

10.15. தரையில் கிடந்த அம்மா போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

அன்று அதே நேரத்தில் சுபாங் ஜெயாவில், சூப்பர்மார்க்கெட் வரிசையில், கையில் முட்டைத் தட்டோடு நின்ற மிஷெல் 'அம்மா' என்ற பெயரைப் பார்த்தாள். வீடு சின்னது. மாமியார் வேறு. என்ன பதில் சொல்வது? போனைக் கவிழ்த்துத் தள்ளுவண்டியில் போட்டாள்.

10.24. மறுபடி.

அடக்கத்துக்கு வந்த எல்லோரும் கேட்டார்கள், கடைசியா உனக்குப் போன் ஏதும் பண்ணாங்களாம்மா என்று. இல்லை என்று எல்லோரிடமும் சொன்னாள். சாமியாரிடம்கூட.

தொப். தொப்.

10.35. வாசல் கதவு திறந்தது. அப்பா. காலைப் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை. அம்மா கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு பையைப் பார்த்தார். குனிந்து பையின் ஜிப்பைத் திறந்தார். புடவைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். மூடினார்.

கடைசிப் படியில் உட்கார்ந்தார்.

அவ்வளவுதான். உட்கார்ந்திருந்தார். ஸ்டேஷனில் லேட்டாக வரும் ரயிலுக்குக் காத்திருப்பவரைப் போல.

10.50. அம்மா மூன்றாவது முறை போனைக் காதில் வைத்தாள். அப்பா தடுக்கவில்லை. மகள் எடுப்பாளா என்று அவரும்தான் பார்த்தார். அம்மாவின் உதடு அசைந்தது. கை மெல்ல இறங்கியது. தரையில் பட்டது. அதற்குப் பிறகு அது அசையவில்லை.

11.20. நைஜல் வந்தான். தலையில் கை வைத்து நின்றான். அப்பா ஏதோ சொன்னார். நைஜல் பையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனான். வெறுங்கையோடு வந்தான். அம்மாவின் விரல்களை விரித்து, போனை எடுத்து, அதில் எதையோ அழித்தான்.

11.41. அப்பா ஸ்டோர் ரூமுக்குள் நுழைந்தார். 11.42. கையில் டிஸ்க்கோடு வெளியே வந்தார். டிஸ்க்கை உருவிய பிறகும் பெட்டி நிற்கவில்லை. அவர் அதைக் கையில் வைத்திருப்பதையும் சேர்த்தே எழுதிக்கொண்டிருந்தது. பிறகு நாற்காலி போட்டு ஏறினார். அவர் முகம் திரை முழுக்க வந்தது. அழவில்லை. கண் சிவக்கக்கூட இல்லை.

இருட்டு.

மிஷெல் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை வரவில்லை. தன் வீட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே முன்பின் தெரியாத ஆட்கள் உட்கார்ந்திருப்பதைப் போல இருந்தது. ஒரு வருஷம். அவள் கையால் சமைத்ததைச் சாப்பிட்டார்கள். அவளைக் கட்டிப் பிடித்து அழுதார்கள்.

தொப்.

எண்பத்திநாலு. மணி நாலாகப் போகிறது. எத்தனை நேரம் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சத்தம் இப்போது தலைக்கு நேர் மேலே இல்லை. இறங்கி, தோளுக்குப் பக்கத்தில், பலகைக்கு அந்தப்புறம் கேட்டது. அவள் மனசு கணக்குப் போட்டது. ஏழு சதவீதத்துக்கு ஒரு படி. பன்னிரண்டு படி ஆகிவிட்டது. இன்னும் இரண்டு.

கோடாலித் தைலம் மணந்தது. அம்மா முட்டிக்குத் தேய்க்கும் தைலம். கதவிடுக்கு வழியாக வந்தது.

கவிழ்த்து வைத்த போன் அதிர்ந்தது. துள்ளிப்போய் எடுத்தாள். நைஜல்.

"அக்கா, எங்க இருக்கே? குகன் அண்ணே இப்பதான் போன் பண்ணாரு. பெட்டியத் தொட்டியா?" காரின் வைப்பர் சத்தம் கேட்டது.

"அம்மா உயிரோட இருந்தாங்கடா."

மறுமுனையில் கார் சட்டென்று பிரேக் போட்டது.

"நீங்க ரெண்டு பேரும்… அப்பா உட்கார்ந்து பாத்துக்கிட்டு இருந்தாருடா நைஜல்!"

"நான் வந்தப்ப மூச்சு இல்ல. சத்தியமா இல்ல. பைய மட்டும்தான் எடுத்து வெச்சேன். பொண்டாட்டி ஓடிப்போகப் பாத்தான்னு கோயில்ல பேசுவாங்கன்னு அப்பா கெஞ்சினாரு." அவன் குரல் மாறியது. "நீ மட்டும் என்ன? மூணு மிஸ்டு கால். அம்மா போன்ல நான்தான் பாத்தேன். நான்தான் அழிச்சேன். நீ இல்லன்னு சொன்னப்ப நான் வாயத் தொறந்தேனா? உனக்காகத்தான் லா செஞ்சேன்."

மிஷெல் போனைக் காதிலிருந்து எடுக்கப் பார்த்தாள்.

"அக்கா, கேளு. இன்னொன்ன உருவிடு. எதையாவது. ரெண்டு போனா எல்லாம் போயிடும். அம்மா குரலும்தான் போகும். போகட்டும். இதோ வந்துட்டோம், சிக்னல்ல நிக்கிறோம்."

போனை வைத்தாள். கவிழ்த்துத்தான் வைத்தாள்.

தொப்.

தொண்ணூற்றொன்று. உருவினால் அப்பாவின் முகம் போகும். நைஜலின் கை போகும். தரையில் கிடந்து மூன்று முறை போனைக் காதில் வைத்த அந்தக் காட்சி போகும். இனி யாரும் அவளைக் கேட்க முடியாது. பச்சைப் புடவையும் போகும். அம்மா போன் அடிச்சா எடு. அதுவும்.

தொண்ணூற்றைந்து.

தைல வாசனை மூச்சை அடைத்தது. கதவுக்கு அந்தப்பக்கம் யாரோ மூச்சு வாங்கினார்கள். கடைசிப் படிக்கு முன்னால் நின்று, பையை மாற்றிப் பிடிக்கிற மூச்சு.

தொண்ணூற்றெட்டு.

தொப்.

மிஷெல் கையை நீட்டினாள். கைக்கு எட்டியது நான்காவது தட்டு. அதில் அவள் பெயர். பிடியைப் பற்றினாள். தகித்தது. தொண்ணூற்றொன்பது. இழுத்தாள். ஒரு நொடி சிக்கியது. பல்லைக் கடித்து இழுத்தாள்.

வந்துவிட்டது.

பெட்டி அடங்கும் என்று காத்திருந்தாள். அடங்கவில்லை. காற்றாடி ஓடியது. இருதயம், பச்சை. டொரத்தி, பச்சை. நைஜல், பச்சை. நான்காவது விளக்கு மட்டும் ஆரஞ்சு. திரையைப் பார்த்தாள்.

நூறு சதவீதம். முடிந்தது.

ஒரு நொடிதான். அவள் உருவுவதற்கு அந்த ஒரு நொடி முன்னால் வேலை முடிந்திருந்தது. இனி ஒன்று போனாலும் பயமில்லை. மிச்ச மூன்று பார்த்துக்கொள்ளும்.

திரையில் தானாகவே ஒரு ஜன்னல் திறந்தது. கூடம். கேமரா இல்லாத சுவரிலிருந்து. நேரம் இன்றைய நேரம். படியின் அடியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் நீலப் பை. காதில் போன்.

தரையில் மிஷெலின் போன் அடித்தது. ஊர்ந்தது. ஓரத்தில் வெளிச்சம் கசிந்தது.

எடு. எடு. கையைக் கொண்டுபோனாள். தரைதான் கையில் பட்டது. போன் இருந்த இடத்தில் போன் இல்லை.

மணியோசை வெளியே கேட்டது. கதவுக்கு அந்தப்பக்கம். நின்றது.

"சொல்லும்மா" என்றது ஒரு குரல்.

அவள் குரல்.

திரையில், அம்மாவுக்குப் பக்கத்தில், மஞ்சள் பிளவுஸில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மிஷெல் குனிந்து தன் உடம்பைப் பார்த்தாள். அதே மஞ்சள். திரையில் இருந்தவள் அம்மாவின் கையைப் பிடித்திருந்தாள். அம்மா அவள் தோளில் சாய்ந்தாள். எடுத்துட்டியா, என்று உதடு அசைந்தது.

கேட் சத்தம். கார் கதவு. அப்பா. நைஜல். நனைந்தபடி உள்ளே வந்தார்கள். மிஷெல் கத்தினாள். கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. கதவைத் தள்ளினாள். கைக்குப் பலம் இல்லை. காலித் தட்டைப் போல லேசாக இருந்தது கை. தன் பெயரை அவளே உருவிவிட்டாள்; மிச்ச மூன்றும் சேர்ந்து வெளியே இன்னொரு மிஷெலை எழுதிவிட்டன.

திரையில், அப்பா படியைப் பார்த்தார். திடுக்கிடவில்லை. போய்க் கடைசிப் படியில், அம்மாவுக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்தார். நைஜல் கைப்பிடியில் சாய்ந்து நின்றான். நான்கு பேர். கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படம் மாதிரி.

"ஸ்டோர்ல லைட் எரியுதே" என்றார் அப்பா.

"நான் பாத்துக்கறேன்ப்பா" என்றது அவள் குரல்.

சுவிட்ச் வெளியேதான் இருந்தது. இருட்டு. லேப்டாப்பும் அணைந்தது. மூன்று பச்சை. ஒரு ஆரஞ்சு. மடியில் அவள் பெயர் எழுதிய டிஸ்க், இன்னும் சூடாக.

கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கை உள்ளே வந்தது. மோதிர விரலில் அவளுடைய மோதிரம். மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த அவளுடைய பழைய தழும்பு. அது தடுமாறவில்லை. இடம் தெரிந்த கை. மிஷெலின் முகத்தைத் தாண்டிப் பெட்டியிடம் போனது. ஆள்காட்டி விரலின் நுனியில், அளவு பார்த்து வெட்டிய ஒரு துண்டுக் கறுப்பு டேப்.

ஆரஞ்சு விளக்கின் மேல் அதை வைத்தது. பிறகு, இனி எப்போதும் பிரியாதபடி, நகத்தால் நான்கு ஓரமும் நிதானமாக அழுத்தித் தேய்த்தது.